சினமும் குளிர்த்தியும்

வைகாசி பிறந்துவிட்டால் கிழக்கிலங்கையின் கண்ணகை அம்மன் ஆலயங்கள் விழாக்கோலம் பூண்டுவிடும். திருக்கதவு திறந்து, கல்யாணக்கால் நாட்டி, கண்ணகி வழக்குரை படித்து, நிறைவிலே திருக்குளிர்த்தி நடைபெறும். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலான ஊர்களிலும் இன்னும் பல கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாக இச்சடங்கு பயபக்தியோடு பேணப்பட்டு வருகின்றது. வெளியூர்களில் தொழில் பார்ப்போரும் கடல் கடந்து வாழ்வோரும் ஏனைய நாட்களில் வராவிட்டாலும் குளிர்த்திக்கு எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவர்.

குளிர்த்தி என்பது யாது? கணவனை அநியாயமாக இழந்து மதுரை மாநகரையே எரித்த அன்னையின் கொதிப்பைத் தணித்து, அவளைக் கருணை பொழியும் தாயாகக் குளிரச் செய்வதே குளிர்த்தியாகும். கோபம் கொண்டவரைக் கண்டால் அஞ்சி விலகி நிற்பது உலக வழக்கு. இங்கோ ஊரே ஒன்றுகூடி, அருகிலே சென்று, அந்தக் கோபத்தை ஆற்றுகின்றது. இதனுள்ளே பொதிந்திருக்கும் உண்மைகள் இரண்டு. சினம் எத்துணை பெரிதாயினும் அது ஆறக்கூடியது என்பது ஒன்று. அதனை ஆற்றுவது சினங் கொண்டவரின் கடமை மட்டுமன்று, சுற்றி நிற்பவர்களின் கடமையுமாகும் என்பது மற்றொன்று. அம்மன் சந்நிதியிலே ஆண்டுதோறும் காணும் இந்தப் பாடம் வீட்டுக்கும் வயலுக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் கண்ட சினம்

காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம் என்னும் உட்பகை ஆறனுள் சினமாகிய குரோதமும் ஒன்று. பகவத்கீதை 16 ஆம் அத்தியாயத்திலே காமம், குரோதம், லோபம் ஆகிய மூன்றும் நரகத்தின் வாயில்கள் எனக் கூறப்பட்டுள்ளன. அந்நூலின் 2 ஆம் அத்தியாயம் 62, 63 ஆம் சுலோகங்கள் சினம் பிறக்கும் படிமுறையை விளக்குகின்றன. ஒன்றையே ஓயாது நினைத்திருப்பவனுக்கு அதிலே பற்று உண்டாகிறது. பற்றிலிருந்து ஆசை பிறக்கிறது. ஆசையிலிருந்து சினம் எழுகிறது. சினத்தால் மயக்கமும், மயக்கத்தால் நினைவுத் தடுமாற்றமும், அதனால் புத்தி நாசமும், முடிவில் அழிவும் வருகின்றன. இந்தப் படிகளை உற்று நோக்கினால் சினம் இடைப்படியிலே நிற்பது தெரியவரும். அதற்கு முன்னேயும் படிகள் உண்டு, பின்னேயும் படிகள் உண்டு. முன்னைய படியிலே விழித்துக்கொண்டவனுக்குச் சினம் எழாது. எழுந்துவிட்டாலும் அடுத்த படிக்கு இறங்காமல் நின்றுகொள்ள அவனால் முடியும்.

திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 31 ஆவது அதிகாரம் வெகுளாமை. துறவறவியலில் அதனை வைத்த வள்ளுவர், இல்லறத்தாருக்குப் பொறையுடைமை என்னும் 16 ஆவது அதிகாரத்தைத் தனியாக வகுத்தார். வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அவர் ஒரு நுட்பமான உண்மையைக் கூறுகின்றார். தன் கோபம் பலிக்கும் இடத்திலே அதைக் காப்பவனே உண்மையில் சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்பதே அதன் கருத்து.

இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். "எனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது" எனப் பெருமையாகச் சொல்பவர் பலர். அவர்கள் கந்தோரிலே மேலதிகாரி ஏசும்போது தலை குனிந்து நிற்கின்றனர். பொலிஸார் மோட்டார் சைக்கிளை மறித்து விசாரிக்கும்போது பணிவாகப் பதில் சொல்கின்றனர். வீட்டுக்கு வந்ததும் தேநீரில் சீனி குறைந்ததற்காகக் கோப்பையை வீசுகின்றனர். அடக்க முடியாத கோபம் என்றால் அது எல்லா இடத்திலும் அடங்காமல் அல்லவா இருக்கவேண்டும்? மேலதிகாரி முன் அடங்கும் கோபம் மனைவி மக்கள் முன் அடங்கவில்லை என்றால், அடக்கும் வல்லமை இல்லாமை அதற்குக் காரணமன்று. அங்கே அடக்கவேண்டிய தேவை இல்லை என்ற எண்ணமே காரணமாகும்.

ஔவைப் பிராட்டியார் ஆத்திசூடியிலே அறத்துக்கு அடுத்தபடியாகச் சினத்தைப் பற்றியே பேசினார். சினத்தை வெட்டு என்றோ கொல் என்றோ அவர் சொல்லவில்லை. அது ஆறவேண்டிய பொருள் என்றே காட்டினார். கொதித்த பாலை ஆற்றுவதற்குத் தமிழர் எந்தச் சொல்லை வழங்குகின்றனரோ அதே சொல்லைக் கோபத்துக்கும் வழங்குகின்றனர். மொழியிலேயே குளிர்த்தி இருக்கின்றது.

உடலிலே நடப்பது

சினம் மனதிலே பிறந்தாலும் உடல் முழுவதிலும் பரவுகின்றது. கோபம் எழும்போது அதிரினலின் முதலிய சுரப்புகள் இரத்தத்திலே கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, மூச்சு குறுகுகிறது, தசைகள் இறுகுகின்றன. காட்டிலே கரடியைக் கண்ட மனிதன் போராடவோ ஓடவோ இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. ஆனால் வீட்டு முற்றத்திலே கரடி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தான் நிற்கின்றார். பொங்கிய வேகத்துக்கு வேறு வழியில்லாமல் அது வாயாலும் கையாலும் வெளிவருகின்றது. கோபம் வெடித்த அடுத்த இரண்டு மணித்தியாலங்களில் மாரடைப்பு ஏற்படும் ஆபத்து ஏனைய வேளைகளிலும் பார்க்கக் கூடுதலாக இருப்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறஷரும் சீனி வருத்தமும் உள்ளவர்கள் இதனைக் குறித்துக்கொள்வது நன்று.

உடலிலே தோன்றும் இம்மாற்றங்கள் ஒரு வகையில் நன்மையும் செய்கின்றன. அவை முன்னறிவித்தல்கள். ஒருவருக்குக் காது சுடும். இன்னொருவருக்குப் பல் இறுகும். வேறொருவருக்குக் கை நடுங்கும், குரல் உயரும். மழைக்கு முன் காற்று மாறுவதை அறிந்து களத்து நெல்லை மூடுகின்ற கமக்காரன், தன் உடலிலே மாறும் காற்றையும் அறிந்துகொள்ளலாம். வெள்ளம் வந்த பின் அணை கட்டுவது கடினம். நீர் ஏறத் தொடங்கும்போது கட்டுவது எளிது.

சினத்தின் ஊற்றுக்கண்கள்

கோபத்தை ஆற்ற விரும்புபவர் முதலில் அது எங்கிருந்து ஊறுகின்றது என்று காணவேண்டும். பெரும்பாலும் பின்வரும் ஐந்து ஊற்றுக்கண்களில் ஒன்றிலிருந்தே அது புறப்படுகின்றது.

முதலாவது, அவமதிப்பு. "என்னை மதிக்கவில்லை" என்ற எண்ணம் தீக்குச்சி போன்றது. கலியாண வீட்டிலே நேரில் வந்து அழைக்காமல் கைத்தொலைபேசியில் மட்டும் சொன்னார்கள், ஆலயத்திலே காளாஞ்சி தனக்கு முன் இன்னொருவருக்குப் போனது என்பன போன்ற காரணங்களுக்காகப் பல ஆண்டு உறவுகள் முறிந்திருக்கின்றன. சைவ சித்தாந்தம் கூறும் ஆணவ மலத்தின் வேலையே இது. "நான்" என்பது எவ்வளவு பெரிதாக வளர்கின்றதோ அவ்வளவுக்கு அதிலே இடறுவோரின் தொகையும் கூடும்.

இரண்டாவது, அநீதி. உழைத்த கூலி கிடைக்காமை, எல்லைக் கதிகால் நகர்த்தப்படுதல், சிறுபோகத்திலே தன் முறை வந்தும் வாய்க்கால் நீர் மேல் வயலிலேயே மறிக்கப்படுதல் என்பன இவ்வகை. இங்கே கோபத்துக்கு நியாயம் உண்டு. அந்த நியாயத்தை எவ்வாறு பெறுவது என்பதே கேள்வி.

மூன்றாவது, எதிர்பார்ப்பு. மகன் வைத்தியனாக வருவான் என்று எண்ணிய தந்தைக்குப் பெறுபேறு வந்த அன்று எழும் கோபம் மகன் மீதான கோபமன்று. அது தந்தையின் கனவு உடைந்த ஓசை.

நான்காவது, அச்சமும் துயரமும். இருட்டிய பின்பும் வீடு திரும்பாத பிள்ளை வாசலிலே வந்து நின்றதும் தாய் அடிக்கின்றாள். அவள் உள்ளத்தில் இருந்தது கோபமா? இல்லை, அது பயம். 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோன உயிர்களையும், 2009 இல் முடிந்த யுத்தத்திலே இழந்த உயிர்களையும் நினைத்து ஆற முடியாத துயரம் பல வீடுகளில் இன்றும் கோபமாக வெளிப்படுகின்றது. அழ முடியாத ஆண்கள் ஏசுகின்றனர். அத்தகையோரைக் கோபக்காரர் என்று ஒதுக்கிவிடாமல் துயரக்காரர் என்று புரிந்துகொண்டால் அணுகும் முறையே மாறிவிடும்.

ஐந்தாவது, உடல்நிலை. பசி, நித்திரைக் குறைவு, களைப்பு, நோய், மது ஆகிய ஐந்தும் சிறிய கோபத்தைப் பெரிதாக்குவன. வயிறு நிறைந்து, நன்கு உறங்கி எழுந்தவருக்குச் சிரிப்பை வரவழைக்கும் அதே வார்த்தை, வெயிலில் நின்று வந்தவருக்குச் சீற்றத்தை வரவழைக்கும். மதுவோ கோபத்தைக் காவல் காக்கும் அறிவையே உறங்க வைத்துவிடுகின்றது.

சினக் கணக்கு

வரவு செலவுக்குக் கணக்கு எழுதுவோர் உண்டு. கோபத்துக்கும் கணக்கு எழுதிப் பார்க்கலாம். ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியை எடுத்து, திகதியும் நேரமும், யாருடன் கோபம் வந்தது, நடந்தது என்ன, அதற்கு முன் உடல் எப்படி இருந்தது, மனதில் ஓடிய எண்ணம் என்ன, செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன என ஏழு நிரல்களாக்கி, ஒரு மாதம் ஒளிவு மறைவின்றி எழுதிவரவேண்டும். கோபம் தணிந்த பின், அன்றிரவே எழுதுவது நல்லது. அந்தக் கொப்பியை வேறு எவருக்கும் காட்டத் தேவையில்லை.

மாத முடிவிலே அதைப் புரட்டிப் பார்த்தால் எதிர்பாராத உண்மைகள் புலப்படலாம். பத்துக் கோபங்களில் ஏழு, வயலிலிருந்து வந்து சாப்பிடுவதற்கு முன் நேர்ந்தவை என ஒருவருக்குத் தெரியவரலாம். மருமகள் மீது வந்ததாக எண்ணிய கோபமெல்லாம் மகன் வெளிநாட்டிலிருந்து அழைப்பு எடுக்காத நாட்களிலேயே வந்தது என ஒரு மாமியாருக்குத் தெரியவரலாம். முதலாமவருக்கு வேண்டியது உபதேசமன்று, வந்தவுடன் ஒரு வாய் சோறு. இரண்டாமவருக்கு வேண்டியது மகனின் குரல். ஊற்றைக் கண்டுகொண்டால் வைத்தியம் எளிதாகிவிடும்.

கொட்டித் தீர்த்தால் ஆறுமா?

"கோபத்தை உள்ளே வைக்கக்கூடாது, கத்திக் கொட்டித் தீர்த்துவிடவேண்டும்" என்ற கருத்து பலரிடம் உண்டு. இதனைப் பற்றி விரிவான ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 154 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைப் பரிசீலித்து 2024 ஆம் ஆண்டில் தமது முடிவை வெளியிட்டனர். உடலின் கொதிப்பைக் கூட்டும் செயல்கள் கோபத்தைக் குறைப்பதில்லை. ஆழ்ந்து மூச்சு விடுதல், தியானம், யோகம், தசைகளைத் தளர்த்துதல் முதலாக உடலைக் குளிர்விக்கும் செயல்களே அதைக் குறைக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. எரிகின்ற அடுப்புக்கு மேலும் கொள்ளி வைத்தால் பால் ஆறுமா? கொள்ளியை வெளியே இழுப்பதே வழி. குளிர்த்தி என்னும் சொல்லிலே கிராமத்து முன்னோர் கூறியதை இந்த ஆய்வு வேறு மொழியிலே கூறுகின்றது.

அதேவேளை, கோபத்தை விழுங்கிவிட்டு மௌனமாக இருப்பதும் குளிர்த்தியாகாது. சாம்பலுக்குள் கிடக்கும் தணல் இரவு முழுவதும் உயிரோடிருக்கும். ஒரே வளவுக்குள் வாழும் சகோதரர் இருவர் பல ஆண்டுகளாகப் பேசாமலே இருந்து, ஒருவர் இறந்த பின் மற்றவர் பாடையைப் பிடித்துக் கதறுவதைக் காணாத ஊர் உண்டா? கொட்டுவதும் தவறு, புதைப்பதும் தவறு என்றால் நடுவழி எது? முதலிலே ஆற்றுதல், ஆறிய பின் பேசுதல். வரிசை மாறக்கூடாது.

அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1863 ஆம் ஆண்டு யூலை மாதம், கெற்றிஸ்பேர்க் போரின் பின் எதிரிப் படையைத் தப்பவிட்ட தளபதி மீட் மீது கடுங்கோபம் கொண்டு கடிதம் ஒன்றை எழுதினார். அதனை அவர் அனுப்பவில்லை. அனுப்பாததும் கையொப்பமிடாததுமான கடிதம் என்ற குறிப்போடு அது அவரது கடிதங்களிடையே இருந்தது. இன்று கடிதம் எழுதுவோர் குறைவு. குரல்பதிவை வட்ஸ்அப்பில் அனுப்புவோர் அதிகம். விரலை எடுத்த கணமே போய்விடும் அந்தப் பதிவைத் திரும்ப அழைத்தாலும் கேட்ட செவியிலிருந்து அழிக்க முடியாது. கோபத்திலே சொல்ல விரும்புவதைக் கடதாசியிலே எழுதி, மறுநாட் காலை வாசித்துப் பார்த்தால், அதில் அனுப்பத் தகுந்தது எத்தனை வரி என்பது எவருக்கும் விளங்கும்.

மதுராபதி காட்டிய வழி

பிறரின் கோபத்தை ஆற்றுவது எவ்வாறு என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையிலே அரிய எடுத்துக்காட்டு உள்ளது. மதுரை எரிந்துகொண்டிருக்கின்றது. கொதித்து நிற்கும் கண்ணகியிடம் அந்நகரின் காவல் தெய்வமாகிய மதுராபதி வருகின்றாள். தெய்வமேயாயினும் அவள் கண்ணகியின் எதிரே வந்து நிற்கவில்லை. பின்புறமாக வந்து, தன் குறையைக் கேட்டருளுமாறு பணிவாக வேண்டுகின்றாள். கண்ணகி முகத்தைத் திருப்பி, என் பின்னே வரும் நீ யார், என் துன்பம் உனக்குத் தெரியுமா எனக் கேட்கின்றாள். உன் துன்பத்தை அறிவேன் என்பதே மதுராபதியின் மறுமொழியாக இருந்தது. அதன் பின்னரே அவள் பாண்டியர் குலத்தின் நீதியையும், கோவலனின் பழவினையையும் விளக்குகின்றாள். ஈற்றிலே, 14 நாட்கள் சென்றபின் கணவனைக் காண்பாய் என்ற நம்பிக்கையையும் கொடுக்கின்றாள். மதுரையின் தீயும் தணிந்தது.

இதிலே நான்கு படிகள் உள்ளன. கோபம் கொண்டவரின் முன்னே நெஞ்சை நிமிர்த்தி நிற்காமை முதற்படி. பணிந்த குரலிலே, கேட்க விருப்பமா என்று வினவுதல் இரண்டாம் படி. "உங்கள் வேதனை விளங்குகின்றது" என்று முதலில் ஏற்றுக்கொள்ளுதல் மூன்றாம் படி. விளக்கமும் நம்பிக்கையும் கடைசிப் படி. பெரும்பாலானோர் நான்காம் படியிலேயே தொடங்குகின்றனர். "நீ ஏன் கத்துகின்றாய், நடந்ததைக் கேள்" என்று விளக்கம் சொல்லப் புறப்படுகின்றனர். வேதனையை ஏற்றுக்கொள்ளாத விளக்கம் நெருப்பிலே ஊற்றிய நெய்யாகிவிடும்.

பாண்டியன் செய்த பிழையிலும் ஒரு பாடம் உண்டு. அரசி ஊடல் கொண்டு எழுந்து சென்றாள். அவளைச் சமாதானம் செய்ய விரைந்த வேளையிலேதான் பொற்கொல்லன் வந்து சிலம்பைப் பற்றிக் கூறினான். மன்னன் விசாரிக்காமலே தீர்ப்பளித்தான். மனம் கலங்கிய வேளை தீர்ப்புக்கு உரிய வேளையன்று. இது நீதிபதிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளின் சண்டையை விசாரிக்கும் பெற்றோருக்கும் பொருந்தும்.

நியாயமான கோபம்

அப்படியானால் கோபமே கூடாதா? கண்ணகியின் கோபம் தவறு என்று எவரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கோயில் எழுந்திராது. ஆயினும் அவள் கோபத்தின் ஒழுங்கை நோக்கவேண்டும். அவள் எடுத்தவுடன் ஊரை எரிக்கவில்லை. அரண்மனை வாசலுக்குச் சென்று, அனுமதி பெற்று, மன்னன் முன் வழக்குரைத்தாள். தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் எனக் கூறி, அதை உடைத்துச் சான்று காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. உண்மை வெளிப்பட்டபின் எழுந்த சீற்றத்திலும் முதியோர், குழந்தைகள், பத்தினிப் பெண்கள், அறவோர், பசுக்கள் முதலியோரைத் தீண்டக்கூடாது எனத் தீக்குக் கட்டளையிட்டாள். அதன் பின்னர் ஆறினாள்.

நியாயமான கோபத்துக்கு முகவரி உண்டு, சான்று உண்டு, எல்லை உண்டு, முடிவு உண்டு. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாயின் கோபம் இத்தகையது. அதனைப் பொறுமை என்ற பெயரால் வாய்மூடச் செய்வது அறமாகாது. நியாயமற்ற கோபமோ முகவரி மாறிச் செல்லும். கூலி தராதவர் மீது வந்த கோபம் வீட்டிலுள்ள சிறுபிள்ளையின் முதுகிலே விழும். ஆகவே கோபம் கொண்டவர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்வி, "இது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குத்தான் போகின்றதா?" என்பதாகும்.

அரை மணித்தியாலத்தில் போகும் உயிர்

கோபம் வெளியே பாயாமல் தன்மீதே திரும்புவதும் உண்டு. பேசுவதற்குக் கடினமாயினும் இதைப் பேசாமல் விடமுடியாது. 1995 ஆம் ஆண்டளவிலே இலங்கையில் ஆண்டுதோறும் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற வீதத்தில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்றாக இருந்தது. கிராமங்களிலே பெரும்பாலான மரணங்களுக்கு வீட்டிலிருந்த விவசாயக் கிருமிநாசினிகளே காரணமாயின. உயிர் தப்பியோரிடம் ஆய்வாளர்கள் விசாரித்தபோது, அவர்களிற் பலர் அந்த முடிவை எடுக்க அரை மணித்தியாலம் கூட யோசித்திருக்கவில்லை என்பது தெரியவந்தது. கணவன் மனைவி வாக்குவாதம், தந்தையின் ஏச்சு, காதல் பிணக்கு என ஒரு பொழுதின் கொதிப்பே பலருக்குக் காரணமாக இருந்தது.

அரசாங்கம் 1995 இலும், 1998 இலும், 2008 முதல் 2011 வரையிலும் மிகக் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த கிருமிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 2005 ஆம் ஆண்டளவிலேயே தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்துவிட்டது. அதன் பின்னரும் குறைந்தது. மக்களின் கோபம் அரைவாசியாகிவிட்டதா? இல்லை. கோபம் வந்த அந்தப் பொழுதிலே உயிரைப் பறிக்கும் பொருள் கைக்கு எட்டவில்லை. பொழுது கடந்தது, கோபம் ஆறியது, உயிர் நின்றது. சினம் ஆறக்கூடியது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆகவே கிருமிநாசினி, களைநாசினிப் போத்தல்களை வீட்டுக்குள் வைக்காமல், பூட்டுள்ள பெட்டியிலே வைத்துத் திறப்பைப் பொறுப்பானவர் வைத்திருக்கவேண்டும். கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவரைத் தனியே விடாமல் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். "செத்துப்போவேன்" என்று ஒருவர் சொன்னால் அதை வெருட்டு என்று தட்டிக்கழிக்கலாகாது. மனப்பாரம் தாங்க முடியாதவர்களும் அவர்களின் உறவினர்களும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலும் உதவி பெறலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து எடுப்பவர் வெட்கப்படுவதில்லை.

ஊரிலே குளிர்த்தி

தனியாள் கோபம் குடும்பக் கோபமாகி, குடும்பக் கோபம் குடிக் கோபமாகி, ஆலயத்தின் வாசல்வரை வந்து நிற்பதுண்டு. ஒரு மாட்டின் கழுத்துக் கயிறு அறுந்ததிலே தொடங்கியது பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பல ஆண்டுகள் இழுபடுவதுண்டு. வழக்குக்குச் செலவான பணத்திலே அந்த மாட்டைப் போல் பத்து மாடு வாங்கியிருக்கலாம் என்பது தீர்ப்பு வந்த பின்னரே தெரியும்.

முன்னர் வட்டைக்குள் எழும் நீர்ப் பிணக்குகளை வட்டவிதானையும் மூத்தோரும் வரம்பிலே நின்றே தீர்த்துவைத்தனர். இன்று 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் அப்பணியைச் செய்கின்றன. எல்லைத் தகராறு, சிறு கடன், சிறு கைகலப்பு முதலியவற்றை அங்கே பேசித் தீர்க்கலாம். அந்தச் சபை தீர்ப்பு வழங்குவதில்லை; இருவரையும் எதிரெதிரே இருத்திப் பேசவைத்து, இருவரும் ஒத்துக்கொள்ளும் இணக்கத்தை எழுதிக் கொடுக்கின்றது. தோற்றவர் என்று ஒருவர் இல்லாதபடியால் பகை வளர இடமில்லை. ஆலயத்திலும் இந்த முறை பயன்படவேண்டும். சடங்கு தொடங்குவதற்கு முன், மனத்தாங்கல் கொண்டிருக்கும் இரு சாராரையும் மூத்தோர் தனித்தனியே சந்தித்து, பின் ஒன்றாக இருத்திப் பேசுவது அம்மனுக்குச் செய்யும் முதற் குளிர்த்தியாகும். உள்ளத்திலே கொதிப்பை வைத்துக்கொண்டு வாயினால் குளிர்த்திப் பாடல் பாடுவது பொருந்துமா?

கைக்கொள்ளத்தக்க சில வழிகள்

1. காது சுடுதல், குரல் உயர்தல் முதலாகத் தம் உடல் தரும் முன்னறிவித்தலை அறிந்துகொள்ளுதல்.

2. அது தோன்றியவுடன் பேச்சை நிறுத்துதல். "இப்போது வேண்டாம், சாப்பிட்ட பின் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு விலகுதல். சொல்லாமல் விலகினால் அது அவமதிப்பாகிவிடும். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வராவிட்டால் அது ஏமாற்றாகிவிடும்.

3. கிணற்றடிக்குச் சென்று முகம் கை கால் கழுவி, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுதல். ஒவ்வொரு மூச்சுடனும் ஐந்தெழுத்தையோ அம்மனின் திருநாமத்தையோ செபித்தல்.

4. பசியோடும் மதுவோடும் எந்தப் பிணக்கையும் பேசாதிருத்தல்.

5. ஆறிய பின் கட்டாயம் பேசுதல். "நீ எப்போதும் இப்படித்தான்" என்று ஆளைக் குற்றஞ்சாட்டாமல், "இது நடந்தபோது எனக்கு வேதனையாக இருந்தது" என்று நடந்ததைக் கூறுதல்.

6. பழைய கணக்கை இன்றைய சண்டைக்குள் கொண்டுவராதிருத்தல்.

7. பிள்ளைகள் முன்னிலையில் சண்டையிட நேர்ந்தால், சமாதானமாவதையும் அவர்கள் முன்னிலையிலேயே செய்தல். பிள்ளைகள் சண்டையை மட்டும் கண்டு வளர்ந்தால் ஆறுவது எப்படி என்பதைக் கற்கமாட்டார்கள்.

8. கை நீட்டும் அளவுக்குக் கோபம் போய்விட்டால் அதை ஆண்மை என்று மறைக்காமல் உதவி நாடுதல். அடிபடுபவர் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பது அறமாகாது. அவரைப் பாதுகாப்பது உறவினரினதும் ஊராரினதும் கடமையாகும்.

இவற்றை ஒரே நாளில் கைக்கொள்ள முடியாது. இன்று பத்து முறை சினந்தவர் அடுத்த மாதம் எட்டு முறை சினந்தால் அது வெற்றியே. வயலிலே களை ஒருமுறை பிடுங்கினால் தீர்ந்துவிடுவதில்லை. மீண்டும் முளைக்கும், மீண்டும் பிடுங்கவேண்டும். அம்மனுக்கும் குளிர்த்தி ஒருமுறை செய்து முடிந்துவிட்டதா? ஆண்டுக்கு ஆண்டு வைகாசி வரும்போதெல்லாம் செய்யப்படுகின்றதல்லவா?

கொதித்து வந்த அன்னை குளிர்ந்து கோயில் கொண்ட மண் இது. மழையையும் விளைச்சலையும் நோயற்ற வாழ்வையும் அவளிடம் வேண்டி நிற்கும் அடியார்கள், ஆறிய மனத்தையும் சேர்த்து வேண்டுதல் சாலச் சிறந்ததாகும். கண்ணகைத் தாயின் திருவருளால் வீடுகள் தோறும் குளிர்மை நிலவுவதாக. ஊர் ஒற்றுமை ஓங்குவதாக. எல்லோரும் இன்புற்று வாழ அன்னை அருள் புரிவாளாக.